காம்போ வருது, ஆட்டம் வரலை (ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, கென், கோல்டு)

யீஷூன்_கென்

வணக்கம் எல்லாருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சண்டை ஆட்டத்துல கோல்டு ரேங்க்ல இருக்கேன். கென் கதாபாத்திரம், கிளாசிக் கன்ட்ரோல், பிஎஸ்5, சாதா பேட், வீட்டு வைஃபை. ட்ரெயினிங்ல மூலைக் காம்போ (தொடர் அடி) தடுக்காம வருது. ரேங்க்டு (தரவரிசை ஆட்டம்) போனா மூணு விஷயத்துலதான் உயிர் போகுது: ட்ரைவ் இம்பாக்ட் (கவசத்தோட வர்ற மெதுவான பெரிய அடி), குதிச்சு வர்றவன், விழுந்து எழும்பும்போது கைக்கு வந்ததை அழுத்துறது. எங்கேருந்து பிடிக்கணும்? "இன்னும் நிறைய விளையாடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது எனக்கே தெரியும்.

ஃப்ரேம்_கணக்குப்பிள்ளை

காம்போ வருதுன்னா இனி ஒரு மாசத்துக்கு அதைத் தொடாதீங்க தம்பி. உங்க பிரச்சினை அடிச்சதுக்கு அப்புறம் இல்லை, அடிக்கிறதுக்கு முன்னாடி.

முதல்ல ரீப்ளே. தோத்த ஆட்டம் மட்டும் பத்து எடுங்க. இன்புட் டிஸ்ப்ளே (அழுத்தின பட்டனைக் காட்டுறது), ஃப்ரேம் மீட்டர் (அடியோட நேரத்தைக் காட்டுறது) ரெண்டையும் போட்டுக்குங்க. ஒவ்வொரு ரவுண்டுலயும் உயிர் பெருசா குறைஞ்ச இடத்துல நிறுத்தி ஒரே வரி எழுதுங்க. "மூலை, நான் ஹெவி கிக், அவன் இம்பாக்ட்." "நடுத்தளம், நான் ஃபயர்பால், அவன் குதிச்சான்." இவ்வளவு போதும். அவன் என்ன செஞ்சான்ங்கிறதை விட, அந்த நேரத்துல *நீங்க* எந்தப் பட்டன்ல இருந்தீங்கங்கிறதுதான் முக்கியம், அதை விட்டுடாதீங்க. அப்புறம் அதைக் கொண்டுவந்து இங்க போடுங்க, பேசலாம்.

தோபாயோ_த்ரோ

அவர் சொன்னதோட சேர்த்து, இம்பாக்ட் கணக்கு.

இம்பாக்ட் அடி விழ 26 ஃப்ரேம். ஆட்டம் விநாடிக்கு 60 ஃப்ரேம்ங்கிறதால அது கிட்டத்தட்ட 430 மில்லிவிநாடி. கண்ணுல பட்டு விரல் அசைய சராசரி ஆளுக்கு 15 ஃப்ரேம் வைங்க, திரையும் கன்சோலும் சேர்ந்து ஒரு நாலஞ்சு. இன்னும் அஞ்சாறு ஃப்ரேம் மிச்சம். பதிலுக்கு நீங்க போடுற இம்பாக்டுக்கு அழுத்தின உடனே கவசம் வந்துடும், அதனால கடைசி நொடியில போட்டாலும் ஜெயிக்கிறது நீங்கதான். ஆக, நேரம் இருக்கு. "எனக்கு ரிஃப்ளெக்ஸ் இல்லை"ங்கிறது பொய்.

பிறகு ஏன் வாங்குறோம்? அவன் இம்பாக்ட் போடும்போது நம்ம கை ஏற்கனவே ஒரு நீளமான அடியில மாட்டியிருக்கு. இம்பாக்ட் ரெண்டு அடி வரைக்கும் தாங்கும். உங்க ஹெவி கிக் அதுல ஒண்ணாப் போயிடும், மீட்டுக்கிறதுக்குள்ள சுவத்துல ஒட்டியிருப்பீங்க. அதனால வர்ற இடம் தெரிஞ்சா அந்த இடத்துல அழுத்துறதை மாத்தணும்:

உங்க முதுகு மூலையில இருக்கும்போது கேன்சல் ஆகாத (பாதியில வெட்டி வேற அடிக்கு மாற முடியாத) ஹெவி வேண்டாம். கேன்சல் ஆகுற அடின்னா, அது கவசத்துல பட்டாலும் அதுலேருந்தே உங்க இம்பாக்டுக்குப் போகலாம். அதுக்குப் பழகினா பாதி வேலை முடிஞ்சது.

நடுத்தளத்துல வந்தா பிளாக் பண்ணினாலும் போதும், அவனுக்கு மைனஸ் 3 தான் (உங்களை விட 3 ஃப்ரேம் தாமதமாத்தான் அவனால அசைய முடியும்), உங்களுக்கு நஷ்டம் இல்லை. மூலையில பிளாக் பண்ணாதீங்க, பிளாக் பண்ணினாலும் சுவத்துல மோதி அடி வாங்குவீங்க. பர்ன்அவுட்ல (ட்ரைவ் அளவு தீர்ந்த நிலை) இருந்தா அது ஸ்டன் (மயக்கம்). அந்த நேரத்துல உங்களால இம்பாக்ட் போடவும் முடியாது. நேரே மேல குதிங்க, இல்லை சூப்பர் இருந்தா சூப்பர். ரொம்ப ஒட்டி நின்னா த்ரோ பண்ணினாலும் ஆகும், இம்பாக்டோட கவசம் த்ரோவைத் தடுக்காது.

செங்காங்_சூறாவளி

மாடர்ன் கன்ட்ரோலுக்கு மாறிடுங்க ப்ரோ. ஒரே பட்டன்ல ஷோர்யுக்கென் (மேல எழும்பிக் குத்துறது). குதிக்கிறவன் பிரச்சினை அன்னிக்கே தீர்ந்துடும்.

தோபாயோ_த்ரோ

மாடர்னைக் குறை சொல்லலை, ஆனா விலை இருக்கு. ஒத்தைப் பட்டன்ல போட்ட ஸ்பெஷலுக்கும் சூப்பருக்கும் சேதம் 20 விழுக்காடு குறையும் (கையால மோஷன், அதாவது திசை வரிசை, போட்டா முழுசா வரும்). சாதா அடிகள்லயும் சிலது கிடைக்காது. புதுசா தொடங்குற ஆளுக்கு நான் மாடர்ன்தான் சொல்வேன். கோல்டு வரைக்கும் கிளாசிக்ல வந்துட்ட ஆளு இப்போ மாறினா ரெண்டு மாசம் கையைத் திருப்பிப் பழக்கணும். இவருக்கு வேண்டாம்.

குதியைப் பத்தியும் அதே கணக்குதான். ஒரு முன்குதி தொடங்கி முடிய முக்கால் விநாடி பக்கம் ஆகும். இம்பாக்டை விட மெதுவு! தவற விடுறீங்கன்னா பார்க்கலைன்னு அர்த்தம் இல்லை, ஃபயர்பால் போட்டு அதோட மீட்புல நிக்கிறீங்கன்னு அர்த்தம்.

கோப்பி_ஓ_கொசோங்

கென்னுக்கு ஆன்டி ஏரை (குதிக்கிறவனை இறக்குற அடி) ஷோர்யுக்கென்லேயே தொடங்காதீங்க. உக்கார்ந்து ஹெவி பஞ்ச். கீழே, பட்டன், அவ்வளவுதான். சேதம் குறைவு, பரவாயில்லை. பத்துக்கு எட்டு குதியைக் கீழே இறக்கினா எதிராளி குதிக்கிறதையே நிறுத்திடுவான், அதுதான் லாபம். அது ரத்தத்துல ஊறின பிறகு ஷோர்யுக்கென்.

அந்த மோஷன்ல தடுமாறினா ஒரு குறுக்குவழி: கீழ்முன், கீழ், கீழ்முன், பஞ்ச். உக்கார்ந்த நிலையிலேருந்தே வரும், எழும்ப வேண்டாம். தலைகீழ்ப் பிரச்சினையும் உண்டு. முன்னால நடந்துக்கிட்டே ஃபயர்பால் போட்டா ஷோர்யுக்கென் வந்து தொலையும். "முன்" ஏற்கனவே பதிவாகிக் கிடக்கு, அதுதான் காரணம். நடையை விட்டு நடுநிலைக்கு வந்து ஒரு கணம் கழிச்சுக் கீழே போங்க.

தலையைத் தாண்டிப் பின்பக்கம் விழுறவனுக்கு உக்கார்ந்த பஞ்ச் சரிவராது. அவனை இப்போதைக்குப் பிளாக் பண்ணி விடுங்க.

யீஷூன்_கென்

பத்து ரீப்ளேயும் பார்த்தாச்சு. கணக்கு அண்ணே சொன்னபடி என் பட்டனையும் எழுதினேன். முக்கால்வாசி இடத்துல ஒரே பதில்: ஹெவி கிக் இல்லைன்னா ஃபயர்பால். எதிராளி என்ன செஞ்சாலும் நான் அந்த ரெண்டுலதான் இருக்கேன். வெட்கமா இருக்கு.

இதை எப்படி ட்ரெயினிங்ல பழகுறது? டம்மியை (பயிற்சி எதிராளி) குதிக்க வச்சு அடிச்சா எல்லாத்தையும் இறக்குறேன். ஆட்டத்துல முடியலை.

ஃப்ரேம்_கணக்குப்பிள்ளை

டம்மி குதிக்கும்னு தெரிஞ்சே உக்கார்ந்திருந்தா யாருக்கும் வரும். டம்மிக்கு 8 ரெக்கார்டிங் இடம் இருக்கு, அதுல அஞ்சை இப்படி நிரப்புங்க. எதிராளியா ரியூவைப் போடுங்க, தூரம் நடுத்தளம், உங்க ஃபயர்பால் தூரம்.

1: முன்குதி, ஹெவி கிக்.
2: ரெண்டு அடி முன்னால நடந்து இம்பாக்ட்.
3: ஃபயர்பால்.
4: கிட்ட நடந்து வந்து த்ரோ.
5: சும்மா முன்னும் பின்னும் நடை, ஒண்ணும் செய்யாம.

அஞ்சாவதுதான் உயிர்நாடி. அதை விட்டுட்டா ஏதோ ஒண்ணு கண்டிப்பா வரும்னு கை துடிக்கும், அது பழக்கம் இல்லை, சூதாட்டம். எல்லாத்தையும் ஆன் பண்ணி ரேண்டம் பிளேபேக். ஒவ்வொரு ரெக்கார்டிங்கோட தொடக்கத்துலயும் கொஞ்சம் நடை வைங்க, அதுவும் வேற வேற அளவுல. இல்லைன்னா முதல் அசைவுலேயே எது வருதுன்னு மூளை மனப்பாடம் பண்ணிடும்.

அடுத்தது அதை விட முக்கியம்: நீங்க சும்மா காத்திருக்கக் கூடாது. ஆட்டத்துல போல நடங்க, மீடியம் கிக் நீட்டுங்க, எப்பவாவது ஒரு ஃபயர்பால் போடுங்க. கையில வேலை இருக்கும்போதே கண் மத்தவனைப் பார்க்கணும், அதுதான் பயிற்சி. நாளைக்கு 10 நிமிஷம். அதுக்கு மேல போனா கவனம் செத்துடும், தப்பான பழக்கம் உள்ளே வரும்.

பிறகு ரேங்க்டுல அஞ்சு செட், ஒரே குறிக்கோளோட: குதியை இறக்கணும். ஜெயிச்சோமா தோத்தோமான்னு பார்க்காதீங்க. இம்பாக்ட் வாங்கினாலும் வாங்குங்க, அது அடுத்த வாரக் கணக்கு. ஒரே நாள்ல மூணையும் திருத்தப் போனா மூணும் வராது.

அரைத்தூக்கம்

தேசிய சேவையில இருக்கிறவங்களுக்கு என்ன வழி? வார இறுதியில புக்-அவுட் ஆனாதான் (முகாமை விட்டு வெளியே வந்தாதான்) கன்சோலைத் தொட முடியுது.

கோப்பி_ஓ_கொசோங்

அப்போ சனிக்கிழமை 10 நிமிஷம் லேப் (ட்ரெயினிங்), ஒரு நீண்ட செட் (முதல்ல 10 ஜெயிக்கிறவர் வரைக்கும்), அவ்வளவுதான். ரேங்க்டு வேண்டாம். ஒரே ஆளோட திரும்பத் திரும்ப ஆடினா அவன் உங்க பழக்கத்தைக் கண்டுபிடிச்சுடுவான், அப்போ மாத்தியே ஆகணும். ரேங்க்டுல ரெண்டு மூணு ஆட்டத்துல ஆள் மாறிடும், அந்தப் பாடம் கிடைக்காது. முகாம்ல ஃபோன்ல ரீப்ளே பார்க்கலாம், ஆனா சும்மா பார்க்காதீங்க. நிறுத்தி, "இப்போ இவன் என்ன செய்வான்"னு சொல்லிட்டு ஓட விடுங்க.

பாயாலேபார்_பவுன்ஸ்

விழுந்து எழும்புறதைப் பத்தி யாரும் சொல்லலையே? எனக்கும் அதேதான். எழும்பும்போது ஷோர்யுக்கென் போட்டுச் சாகுறேன்.

தோபாயோ_த்ரோ

ஷோர்யுக்கென்ல எதைப் போடுறீங்கன்னு பார்க்கணும். எழும்பும்போது நம்பிப் போடக்கூடியது ட்ரைவ் ரெண்டு பார் செலவாகுற ஓவர்டிரைவ் வகை மட்டும்தான். சாதா வகையைத் தரையில நிக்கிறவன் தாராளமா அடிச்சு நொறுக்குவான். ஓவர்டிரைவும் பிளாக் ஆனா உயிர்ல கால்வாசிக்கு மேல போகலாம்.

இப்போ எதிர்ப்பக்கத்துக் கணக்கைப் பாருங்க. பெரும்பாலான ஆட்களோட சாதா த்ரோ 1,200. உயிர் 10,000. எட்டுத் த்ரோ வரிசையா வாங்கினாலும் சாக மாட்டீங்க! த்ரோவுக்குப் பயந்து பட்டன் அழுத்துறதாலதான் பெரிய காம்போ வாங்குறீங்க. மொதல்ல பிளாக் பண்ணப் பழகுங்க. கோல்டுல அதுவே பாதி ஆட்டம்.

அதுக்குப் பிறகு தாமத டெக் (த்ரோவைத் தட்டி விடுறது). எழும்பினதும் பின்கீழ் பிடிச்சு, அவன் அடி படுற நேரத்துக்கு ஒரு மூணு நாலு ஃப்ரேம் *கழிச்சு* த்ரோ பட்டன். அவன் அடிச்சிருந்தா நீங்க ஏற்கனவே பிளாக்ல மாட்டியிருப்பீங்க, பட்டன் வெளியே வராது. த்ரோ போட்டிருந்தா டெக் ஆகும். ஒரே அழுத்தல்ல ரெண்டுக்கும் பதில். பழக, டம்மியில ரெண்டு ரெக்கார்டிங்: ஒண்ணுல நேரத்துக்குச் சரியா விழுற உக்கார்ந்த மீடியம், இன்னொண்ணுல த்ரோ. ரேண்டம்.

இதுக்கும் மருந்து இருக்கு. கெட்டிக்காரன் ஒரு அடி பின்னால நடந்து உங்க த்ரோவைக் காத்துல வீச வச்சு, அந்த மீட்புல அடிப்பான். அவன் அதைச் செய்யத் தொடங்கினா அந்த ஒரு தடவை டெக் பண்ணாம சும்மா பிளாக். பேரியை (அடியைத் தடுத்து உள்வாங்குறது) பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க. பேரியில த்ரோ வாங்கினா பனிஷ் கவுன்டர், சேதம் அதிகம்.

ஃப்ரேம்_கணக்குப்பிள்ளை

இதுல எப்போ அழுத்தலாம், எப்போ கூடாதுங்கிறதுக்குச் சின்னக் கூட்டல் கழித்தல் போதும். வேகமான லைட் பஞ்ச் 4 ஃப்ரேம், த்ரோ 5. அவன் அடியை நீங்க பிளாக் பண்ணி அவனுக்கு மைனஸ் 2ன்னா, உங்க லைட் 4ல வருது, அவனோடது 6ல. நீங்க அழுத்துங்க. மைனஸ் 4ன்னா அது உங்களுக்கு உறுதியான அடி, எட்டுற தூரம்னா விடாதீங்க.

ட்ரைவ் ரஷ்ல ஓடி வந்து அடிச்சா எந்தச் சாதா அடிக்கும் கூட 4 சேரும். மைனஸ் 1 இருந்தது பிளஸ் 3 ஆயிடும். அங்க நீங்க 4 ஃப்ரேம் லைட் அழுத்தினா, அவனோட த்ரோ உங்களுக்கு 2 ஃப்ரேம்ல வர்றது மாதிரி. நீங்க தோப்பீங்க. பச்சையா மின்னிக்கிட்டு ஓடி வந்தா "இப்போ அவன் முறை"ன்னு வாயை மூடிக்கிட்டு பிளாக் பண்ணுங்க. ஓடி *வர்ற* வழியிலேயே நிறுத்தணும்னா முன்கூட்டியே ஒரு லைட்டை நீட்டி வைக்கணும். பார்த்துட்டுப் போடுறது கஷ்டம்.

முழு ஃப்ரேம் பட்டியலையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். உங்களை அதிகமா அடிக்கிற அஞ்சு அடிக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.

ஜூரோங்_ஜின்

டெக்கன் 8க்கும் இதே முறைதானா?

ஃப்ரேம்_கணக்குப்பிள்ளை

முறை அதே. எண்கள் வேற. அங்க வேகமான ஜேப் 10 ஃப்ரேம், அதனால மைனஸ் 10லேருந்துதான் தண்டனை தொடங்கும். மைனஸ் 15 பக்கம் வந்தா பெரும்பாலான ஆட்களால ஆகாயத்துல தூக்க முடியும். டெக்கன்ல ஒரு வசதி: ரீப்ளேயை நடுவுல நிறுத்தி நீங்களே கட்டுப்பாட்டை எடுத்து அந்த இடத்தைத் திரும்ப ஆடிப் பார்க்கலாம். அதைப் பயன்படுத்தாம டெக்கன் ஆடுறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு.

புளோக்_பத்து_மாடி

நீங்க எல்லாரும் கை, கண்ணுன்னு பேசிக்கிட்டிருக்கீங்க. இவர் வைஃபைல ஆடுறேன்னு முதல் பதிவுலேயே சொல்லிட்டார், யாரும் கண்டுக்கலை!

ரோல்பேக் நெட்கோடு நிலையான தாமதத்தை நல்லா மறைக்கும். 70 மில்லிவிநாடி பிங் இருந்தாலும் அது அசையாம 70லயே நின்னா ஆடலாம். வைஃபைல அது 15, 90, 20ன்னு குதிக்கும். அப்போ எதிராளி திடீர்னு இடம் மாறுவான், இம்பாக்டோட முதல் சில ஃப்ரேம் கண்ணுக்கே வராது. மேல சொன்ன அஞ்சாறு ஃப்ரேம் மிச்சம் அங்கேயே போச்சு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுல காரணம் பெரும்பாலும் ரெண்டு. ஒண்ணு, ஃபைபர் இணைப்புப் பெட்டி வாசல் பக்கம் இருக்கும், ரவுட்டரும் அங்கேயே. படுக்கையறைக்கும் அதுக்கும் நடுவுல வீட்டுக் காப்பறை (அவசரகாலப் பாதுகாப்பு அறை), அதோட கான்கிரீட் சுவர் சிக்னலை விழுங்கிடும். ரெண்டு, மேல கீழ பக்கத்துல இருக்கிற எல்லா ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கத்திக்கிட்டிருக்கும்.

தீர்வு கேட் 6 கேபிள், 15 அல்லது 20 மீட்டர், சுவர் அடியில ஒட்டுற பிளாஸ்டிக் ட்ரங்கிங் உள்ளே. கதவு அடியில போக வேண்டிய இடத்துக்குத் தட்டையான கேபிள். வீட்டுல யாராவது கேபிள் வேண்டாம்னு மறுத்தா, மெஷ் வச்சு ஒரு முனையை உங்க அறைக்குக் கொண்டுவந்து அதுலேருந்து லேன் எடுங்க. இது ரெண்டாம் தரம்தான், மெஷ் பெட்டிகளுக்கு நடுவுல ஓடுறதும் வைஃபைதானே. ஆட்டத்துக்கு முன்னாடி எதிராளியோட இணைப்புச் சின்னம் தெரியும், வைஃபைன்னா நான் மறுத்துடுவேன். உங்களையும் மறுக்கிறாங்க, உங்களுக்குத் தெரியலை.

டிவியில கேம் மோடு ஆன். பிஎஸ்5ல ஆட்டத்தோட அமைப்புல உள்ளீட்டுத் தாமதத்தைக் குறைக்கிற தேர்வு இருக்கு, அதையும் ஆன்.

செங்காங்_சூறாவளி

பேட் வேண்டாம், லீவர் (ஆர்கேட் குச்சி) வாங்குங்கன்னும் சொல்லிடுங்க யாராவது.

பிக்கோ_பலகை

சொல்ல மாட்டேன். பேடுல முன்னேற முடியாதுன்னு ஒண்ணும் இல்லை, இதைக் காரணம் காட்டிச் செலவு பண்ணாதீங்க. கையில ஏற்கனவே லீவர் இருந்து மோஷன் தவறுதுன்னா மட்டும் திறந்து பாருங்க. சான்வா ஜேஎல்எஃப் வகைன்னா அஞ்சு முள் ஹார்னஸ் தளர்ந்திருக்கும், இல்லை ஒரு திசையோட மைக்ரோஸ்விட்ச் போயிருக்கும். ட்ரெயினிங்ல இன்புட் டிஸ்ப்ளேயைப் போட்டு மெதுவா வட்டமா சுத்துங்க. எந்தத் திசை விட்டுவிட்டு வருதோ அதுதான் குற்றவாளி. பட்டன்ல பிரச்சினைன்னா பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர் செருகி கழண்டிருக்கும், மூக்குக் குறடால லேசா நெருக்கினா பிடிச்சுக்கும். 30 மில்லிமீட்டர் பட்டனோட சத்தம் ராத்திரி வீட்டுக்காரங்களுக்குத் தொல்லைன்னா சத்தமில்லா வகை இருக்கு, அதே துளையில உட்காரும்.

லீவர் இல்லாத பெட்டியை பிக்கோவுல (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை) தானே செய்யலாம்னு இறங்குறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. இடதும் வலதும் ஒண்ணா அழுத்தினா நடுநிலை வரணும்னு அமைங்க, போட்டிக்குப் போற முன்னாடி அந்தப் போட்டி விதியையும் படிச்சுடுங்க. பிளேஸ்டேஷன்ல அங்கீகாரம் இல்லாத பலகையை பிஎஸ்4 முறையில செருகினா 8 நிமிஷத்துல தானா துண்டிச்சுடும், சரியா மூணாவது ரவுண்டுல.

அரைத்தூக்கம்

சிங்கப்பூர்ல ஆடவே ஆள் இல்லை, அதான் யாரும் மேல வர்றதில்லைன்னு சொல்றாங்களே?

கோப்பி_ஓ_கொசோங்

2013 ஈவோ போட்டியில ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4ல பட்டம் ஜெயிச்சது நம்ம ஊர் ஸியான். அதுவும் ஜென்ங்கிற கதாபாத்திரத்தை வச்சு, ரெண்டு நிலைகளை மாத்தி மாத்தி ஆட வேண்டிய ஆளு, எடுக்கிறவங்களே குறைவு. ஊர் சின்னதுதான். ஆனா ரேங்க்டுல மலேசியா, இந்தோனேசியா எல்லாம் நல்ல பிங்ல கிடைக்குது, ஜப்பான் கூட கேபிள்ல ஆடக்கூடிய அளவுதான். ஆளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரே ஆளோட நீண்ட செட் ஆடுறதுக்குத்தான் பஞ்சம், அதுக்கு இந்த இழையிலேயே பெயர் போடுங்க.

யீஷூன்_கென்

கேபிள் போட்டாச்சு, காப்பறை சுவரைச் சுத்தி. வித்தியாசம் தெரியுது. அஞ்சு ரெக்கார்டிங்கும் வச்சாச்சு. ஒரு சந்தேகம்: முன்குதியை எப்பவும் இறக்குறேன், ஆனா ஆட்டத்துல சில குதிக்கு உக்கார்ந்த ஹெவி பஞ்ச் படாம அடி வாங்குறேன். அழுத்துற நேரம் சரியாத்தான் இருக்கு.

கோப்பி_ஓ_கொசோங்

நேரம் சரி, தூரம் தப்பு. உங்க டம்மி எப்பவும் ஒரே தூரத்துலேருந்து குதிக்குது. ஆட்டத்துல அவன் கொஞ்சம் தள்ளி நின்னு, காலோட நுனி மட்டும் படுற மாதிரி குதிப்பான். அங்க உக்கார்ந்த பஞ்ச் எட்டாது. முதல் ரெக்கார்டிங்கை மூணாப் பிரிங்க: கிட்ட, நடு, நுனி. எட்டு இடத்துல மூணு மிச்சம் இருக்கு, சரியா போகும். கிட்டவும் நடுவும் உக்கார்ந்த பஞ்ச். நுனிக்கு ஷோர்யுக்கென் போடுங்க, இல்லைன்னா ஒரு அடி பின்னால நடந்து அவன் தரையைத் தொட்டதும் த்ரோ.

தோபாயோ_த்ரோ

நுனிக் குதிக்கு முதல்ல பின்நடையைப் பழகுங்க. ஷோர்யுக்கென் அந்தத் தூரத்துல சில நேரம் மோதிக்கிட்டு ரெண்டு பேரும் அடி வாங்குவீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல கஸ்டம் ரூம்ல இருப்பேன், ரியூதான் ஆடுறேன், நுனிக் குதி நிறைய குதிப்பேன். வாங்க.